முதலில் தரை, பிறகுதான் பின்னணி

கேள்வி: கும்பகோணத்தில் கல்யாண வேலைகளோடு சின்ன ஸ்டுடியோ ஒன்று நடத்துகிறேன். மனித உடலின் வடிவத்தையே பொருளாக வைத்து ஒரு படத்தொடர் எடுக்க ஆசை. நாட்டியம் ஆடும் இருவர், சிலம்பம் சுற்றும் ஒருவர், சுவாமிமலையில் சிலை வார்க்கும் நண்பர் ஒருவர் என நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள். எல்லோரும் வயது வந்தவர்கள். நின்ற நிலை, அரைமண்டி, படுத்த நிலை எல்லாம் வேண்டும். இடம் பாட்டி வீட்டுக் கூடம்: 12 அடி அகலம், 20 அடி நீளம், உத்தரம் வரை 10 அடி. சிவப்பு ஆக்சைடு தரை, வெளிர்பச்சைச் சுவர். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 50, 85 மி.மீ. லென்ஸ்கள், இரண்டு ஃப்ளாஷ், ஒரு சாஃப்ட்பாக்ஸ் (ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) இருக்கின்றன. பேனர் கடையில் கறுப்பு ஃப்ளெக்ஸ் வாங்கி விரித்துப் பார்த்தேன்; ஆள் மிதக்கிற மாதிரி வருகிறது, தரை வேறு பளபளக்கிறது. அதை எடுத்துவிட்டு வெறுந்தரையில் எடுத்தால் தாடைக்கு அடியில் சிவப்பு ஏறுகிறது. தரைக்கு எதைப் போடுவது? பின்னால் எந்த நிறம்?

பதில்: நீங்கள் கேட்ட வரிசையே சரியான வரிசை. பலர் பின்னணித் துணியைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, தரைக்கு வீட்டில் கிடந்ததை விரித்துக்கொள்வார்கள். முக்கால்வாசிக் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பின்னணி ஆளைவிட்டுத் தள்ளி இருக்கிறது. தள்ளி இருப்பதன் வெளிச்சத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்டலாம், குறைக்கலாம். தரை அப்படி விலகிப்போகாது. ஆள் நிற்பதே அதன்மேல்தான். உடம்பில் விழும் வெளிச்சம் தரையிலும் விழும், விழுந்ததில் ஒரு பங்கு மேலே திரும்பி உடம்பிலேயே படும். ஆகவே தரையைக் கீழிருந்து எரிகிற மூன்றாவது விளக்காக நினைத்துக்கொண்டு அதன் நிறத்தையும் பரப்பையும் முடிவு செய்யுங்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சாஃப்ட்பாக்ஸ் ஆளிடமிருந்து 4 அடியில், பின்னணி ஆளுக்கு 5 அடி பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கிலிருந்து பின்னணி 9 அடி. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் குறையும் என்பதால், உடம்பில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்குதான் பின்னணியில் விழும், ஏறத்தாழ 2.3 ஸ்டாப் குறைவு (வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப் குறைவு, இரட்டித்தால் ஒரு ஸ்டாப் கூடுதல்). 90 சதவீதம் திருப்பியனுப்பும் வெள்ளைக் காகிதம் அந்த வெளிச்சத்தில் 18 சதவீத நடுச் சாம்பலாகப் பதிவாகும். நடுச் சாம்பல் காகிதத்தை மாட்டியிருந்தால் கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். அதே சாம்பலுக்கு இரண்டாவது ஃப்ளாஷைத் தனியாகக் கொடுத்து, உடம்பில் விழுவதைவிட 2.3 ஸ்டாப் ஏற்றினால் வெள்ளையே கிடைக்கும். ஒரே சாம்பல் ரோலில் மூன்று நிறம். பின்னணி நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பது இதனால்தான். பாதத்துக்கு அடியில் இந்த வித்தை செல்லாது. வெள்ளைத் தரை வெள்ளையாகத்தான் தெரியும், சிவப்புத் தரை சிவப்பாகத்தான் தெரியும்.

தரையின் நிறம் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெள்ளைத் தரை கீழிருந்து தாராளமாக வெளிச்சம் அனுப்பும். தாடைக்கு அடி, மார்புக்கூட்டின் கீழ்விளிம்பு, தொடையின் உட்புறம் எல்லாம் நிரம்பிவிடும். முகப்படத்துக்கு அது நல்லது. உடலின் வடிவத்தை எடுக்கிற உங்களுக்கு அது எதிரி. தசை தெரிவதே நிழலால். அந்த நிழலைத் தரை துடைத்துவிடும். சிலம்பக்காரரின் தோள்பட்டையும் கெண்டைக்காலும் மொழுக்கென்று வரும். கறுப்புத் தரை நேர்மாறு. வருகிற வெளிச்சத்தை விழுங்கி, நிழலை ஆழப்படுத்தும். நம் ஊர்க் கறுத்த மேனிக்கு அது சில படங்களில் அபாரமாக இருக்கும், ஆனால் எல்லா நிழலும் ஒரே கறுப்பாக உறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. கூந்தல் எங்கே முடிந்தது, பின்னணி எங்கே தொடங்கியது என்று தெரியாமல் போனால் பின்பக்கத்திலிருந்து ஒரு விளிம்பு வெளிச்சம் கட்டாயமாகிவிடும். உங்களிடம் இருப்பது இரண்டே ஃப்ளாஷ்.

ஆள் மிதப்பதற்கும் காரணம் இதுதான். பாதம் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு மெல்லிய, அடர்ந்த நிழல் ஒன்று விழும். ஆள் தரையில்தான் நிற்கிறார் என்று கண்ணுக்குச் சொல்வது அது. கறுப்புத் தரையில் அந்த நிழல் கறுப்போடு கறுப்பாகக் கரைந்துவிடுகிறது. அளவுக்கு மீறி வெளிச்சம் ஏற்றிய வெள்ளைத் தரையிலும் அழிந்துவிடுகிறது. நடுச் சாம்பலிலோ, மங்கிய மண் நிறத்திலோ அது தங்கும். முதல் தொடருக்கு நடுச் சாம்பல் தரையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. கறுப்பைப் பிறகு, இரண்டு மூன்று படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ளெக்ஸைப் பேனருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பி.வி.சி. பூச்சு. எவ்வளவு மங்கலான ரகமாக இருந்தாலும், கேமரா தாழ்வாக இருந்து பார்க்கும்போது சாய்ந்த கோணத்தில் எல்லாப் பரப்பும் கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும். சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைச் சதுரம் அதில் பட்டையாக விழும். சுருட்டி வைத்த மடிப்பு மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு பளபளப்புக் கோடாகும். வியர்த்த பாதத்துக்கும் எண்ணெய் தடவிய உடம்புக்கும் அது வழுக்கு மரம். ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கப்போகிற படத்தில் இந்தக் காரணம் ஒன்றே போதும்.

அடுத்து ஆக்சைடு தரை. பாட்டி வீட்டுத் தரை நல்ல தரை. அதன்மேல் பெயின்ட் அடிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். டெல்டா மண்ணில் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காமல் பொரிந்துவிடும், பழைய மெருகும் திரும்ப வராது. அதை மூடத்தான் வேண்டும், அதுவும் ஃப்ரேமுக்குள் தெரிகிற பகுதியை மட்டும் மூடினால் போதாது. விளக்குக்கும் ஆளுக்கும் நடுவில் திறந்துகிடக்கும் நாலடிச் சிவப்புத் தரையும் வண்ணத்தை மேலே அனுப்பும். படத்தில் தெரியாது, தாடையில் தெரியும். இதைப் படம் முழுவதற்குமான நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸால் சரிசெய்ய முடியாது. கீழ்ப்பக்கம் மட்டும் சிவந்திருக்க, மேல்பக்கம் சரியாக இருக்கிறதே! ஃப்ரேமுக்கு வெளியே, ஆளைச் சுற்றி ஆறடிக்குத் திறந்துகிடக்கும் தரையில் கறுப்புக் காடாத்துணியை விரித்துவிடுங்கள். பக்கச் சுவர் ஆளுக்கு ஆறடி தூரத்தில்தான் இருக்கிறது என்பதால் அந்த வெளிர்பச்சையும் விலாவில் ஏறும். தெர்மாகோல் பலகையின் ஒரு பக்கத்துக்குக் கறுப்பு எமல்ஷன் அடித்து இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். வெளிச்சம் நிரப்ப வேண்டிய படத்துக்கு அதையே வெள்ளைப் பக்கமாகத் திருப்பிக்கொள்ளலாம். தெர்மாகோலுக்குத் தண்ணீரில் கலக்கும் எமல்ஷன்தான். எனாமலும் தின்னரும் அதைத் தின்றுவிடும். பகலில் எடுப்பதானால் கொல்லைக்கதவைச் சாத்துங்கள். வாழைத்தோப்பிலிருந்து வரும் வெளிச்சம் பச்சை.

எதை விரிப்பது? நட்டுவாங்கத்துக்குத் தட்டி ஆடுகிற பாதம், குதித்து இறங்குகிற சிலம்பம் இரண்டும் இருப்பதால் காகிதமோ துணியோ தரைக்கு ஆகாது. காகிதம் இரண்டாவது தட்டில் கிழியும். துணி காலோடு சுருளும். ப்ளைவுட் போடுங்கள்.

8 அடிக்கு 4 அடி, 12 மி.மீ. கனம், மூன்று ஷீட். 8 அடிப் பக்கத்தைக் குறுக்காக வைத்து ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் 8 அடி அகலமும் 12 அடி ஆழமும் கிடைக்கும். ஒரு ஷீட் ஏறத்தாழ 20 கிலோ, இரண்டு பேர் தூக்கி மாற்றலாம். எம்.டி.எஃப். பலகை வழவழப்பாக, விலை மலிவாக இருக்கிறதே என்று தோன்றும். ஐப்பசி மழையில் ஓரம் அப்பளம் போல உப்பிவிடும், வேண்டாம். சாதாரண ஐ.எஸ். 303 ரகம் உலர்ந்த கூடத்துக்குப் போதும். தரை கசிகிற வீடாக இருந்தால் ஐ.எஸ். 710 மரைன் ப்ளை வாங்குங்கள். எதுவானாலும் நான்கு ஓரங்களுக்கும் ப்ரைமர் அடிப்பதை மறக்காதீர்கள். ஈரம் நுழைவது முகத்தின் வழியாக அல்ல, வெட்டிய விளிம்பின் வழியாக.

பூச்சு இப்படி: 180 எமரியால் ஒரு முறை தேய்த்துத் துடைத்து, ப்ரைமர் ஒரு கோட். காய்ந்ததும் 220 எமரியால் லேசாகத் தேய்த்து, மேட் ரக அக்ரிலிக் எமல்ஷனை ரோலரால் இரண்டு கோட். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் நாலைந்து மணி நேரம் விடுங்கள். மழைநாளில் ஒரு இரவு. மூன்று ஷீட்டும் சேர்த்து 96 சதுர அடி, 2 லிட்டர் வாங்கினால் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சம் அவசியம். சலங்கையின் வெண்கலக் குண்டுகள் பூச்சில் கீறல் போடும், ஒவ்வொரு நாளும் தொட்டுத் திருத்த வேண்டியிருக்கும். பிரஷால் அடித்தால் பிரஷ் தடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் உழவுச் சால் மாதிரி தெரியும், அதனால்தான் ரோலர். பளபளப்புக்காக மேலே வார்னிஷ் எதுவும் வேண்டாம். பூசி முடித்து மூன்று நாள் ஆறவிட்ட பிறகே அதன்மேல் ஆடவிடுங்கள். ஆறாத பூச்சு பாதத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.

நிறத்தைப் பெயின்ட் கடையில் வாயால் சொல்லாதீர்கள். பின்னணிக் காகிதத்தை முதலில் வாங்கி, ஓரத்தில் கையளவு வெட்டி எடுத்துப்போனால் கலக்கும் மெஷினில் வைத்து அதே நிறத்தைக் கலந்து தருவார்கள். காகிதமும் தரையும் ஒரே சாம்பலாக இருந்தால்தான் இரண்டும் சேரும் இடம் குத்தாமல் இருக்கும். பலகை இணைப்புகளில் ஒரு அங்குல மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேலும் அதே எமல்ஷனை ஒரு கோட் விடுங்கள். ஆளை எப்போதும் ஷீட்டின் நடுவில் நிறுத்துங்கள். இணைப்பு பாதத்துக்கு அடியில் வந்தால் தட்டும்போது டேப் கிழியும், குதிகால் தடுக்கும். அடியில் தரை மேடுபள்ளமாக இருந்தால் பலகை தாளம் போடும். பழைய ஜமுக்காளத்தை ஒரு மடிப்பு அடியில் விரித்தால் சத்தமும் அடங்கும், பாட்டி வீட்டு மெருகும் கீறாது.

பின்னணிக்கு நடுச் சாம்பல் சீம்லெஸ் (இணைப்பில்லாத) காகித ரோல். 2.72 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம் உள்ளது. உங்கள் கூடத்துக்கு இது பொருந்துமா என்று அளந்துவிடுவோம். 50 லென்ஸை நெடுக்காகப் பிடித்து 8 அடி உயர ஃப்ரேம் எடுக்க ஆளிடமிருந்து 11 அடி தள்ளி நிற்க வேண்டும். பின்னால் 5 அடி, உங்களுக்கு 2 அடி. மொத்தம் 18, கூடம் 20. பொருந்துகிறது. அந்த ஃப்ரேம் பின்னணியில் ஏழே முக்கால் அடி அகலத்தைப் பார்க்கும். ரோலின் அகலம் 8 அடி 11 அங்குலம், ப்ளைவுட் 8 அடி. இதுவும் பொருந்துகிறது. 85 லென்ஸுக்கு ஏறத்தாழ 19 அடி பின்வாங்க வேண்டும், அதோடு பின்னணித் தூரம் 5 அடி சேர்ந்தால் கூடம் போதாது. ரேழிக் கதவு கூடத்துக்கு நேராக இருந்து, நீங்கள் ரேழியில் நின்று எடுக்க முடிந்தால் மட்டும் 85 நடக்கும்.

உயரத்தில்தான் கொஞ்சம் இடிக்கும். கைகளை மேலே தூக்கிய நிலைக்கு ஃப்ரேமின் மேல்விளிம்பு ஏழரை அடியில் இருக்க வேண்டும். 3 அடி உயரத்தில் இருக்கும் கேமராவிலிருந்து அந்தக் கோடு பின்னணியில் ஒன்பதரை அடியில் போய் முட்டும். ஸ்டாண்டில் மாட்டினால் எட்ட மாட்டீர்கள். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பை உத்தரத்தில் கயிற்றால் இறுகக் கட்டி அதில் ரோலைத் தொங்கவிடுங்கள். மெல்லிய அலுமினியக் குழாய் நடுவில் தொய்யும், தொய்ந்தால் காகிதத்தில் நெடுக அலை விழும். கூடத்து ஊஞ்சல் கொக்கி நடுவில் இருப்பதால் பின்னணிக்கு உதவாது. மேலிருந்து ஒரு விளக்கைத் தொங்கவிட அதைவிட நல்ல இடம் கிடையாது. சங்கிலிக்கு மேல் ஒரு பாதுகாப்புக் கயிறும் போட்டுக்கொள்ளுங்கள்.

தரையும் பின்னணியும் சேரும் கோடு உடம்பின் எந்த இடத்தை வெட்டுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கேமரா உயரத்தை, ஆளிலிருந்து பின்னணியின் தூரத்தால் பெருக்கி, கேமராவிலிருந்து பின்னணியின் தூரத்தால் வகுங்கள். 3 அடி உயரம், 5 அடி பின்னால், மொத்தம் 16 அடி என்றால் 0.94 அடி, அதாவது பதினோரு அங்குலம். கெண்டைக்காலின் கீழ்ப்பாதி. கேமராவை நாலரை அடிக்கு உயர்த்தினால் 17 அங்குலம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. மூட்டை வெட்டும் கோடுதான் மோசம். காலை ஒடித்துவைத்த மாதிரி இருக்கும். காகிதத்தை வளைவாக இறக்கினால் இந்தக் கோடு மறைந்து ஒரு மென்மையான மாற்றமாகிவிடும். வளைவுக்கு இரண்டு மூன்று அடி விடுங்கள், காகிதத்தின் அடி ப்ளைவுட்டின் மேல் ஓரடி ஏறி உட்காரட்டும், விளிம்பை டேப்பால் ஒட்டுங்கள். எப்படி ஒட்டினாலும் அந்த விளிம்பில் ஒரு மயிரிழை தெரியும். கணினியில் அரை நிமிட வேலை அது.

எல்லாப் படத்துக்கும் கோட்டை மறைக்க வேண்டும் என்றும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் நாட்டியக் கரணங்கள் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன, மீதிக் கற்கள் செதுக்காமலே நிற்கின்றன. உருவமும் அதன் பின்புலமும் ஒரே கல், ஒரே நிறம். உருவத்தைப் பிரித்துக் காட்டுவது விளிம்பில் விழும் நிழல் மட்டும். அந்தத் தளத்துக்குப் பொதுவாக யாரையும் விடுவதில்லை. புகைப்படங்களில் பார்த்தாலும், தாராசுரத்துத் தூண்களில் உள்ள சின்ன ஆடல் உருவங்களைச் சாயங்கால வெயிலில் நேரில் பார்த்தாலும், சாம்பலின் மேல் சாம்பல் என்றால் என்ன என்பது புரிந்துவிடும். அங்கே விளக்கும் முக்காலியும் வைத்து ஆளை நிறுத்தி எடுக்க நினைத்தால் தொல்லியல் துறை அனுமதி வேண்டும்.

விளக்கின் தூரத்தில் ஒரு பேரம் இருக்கிறது. ஏழடி உயரத்தில், மூன்றரை அடி பக்கத்தில் சாஃப்ட்பாக்ஸை வைத்தால் மார்புக்கு வருவதைவிடப் பாதத்துக்கு ஒன்றரை ஸ்டாப் குறைவாகப் போகும். முகம் சரி, பாதம் இருட்டு. நாட்டியப் படத்தில் பாதம் இருட்டானால் பாதிப் படம் போச்சு. விளக்கை எட்டடிக்குப் பின்தள்ளி எட்டடி உயரத்தில் வைத்தால் வித்தியாசம் முக்கால் ஸ்டாப்புக்குள் வந்துவிடும். ஆனால் பின்னணியிலும் வெளிச்சம் கூடி, சாம்பல் வெளுக்கும், நிழல் விளிம்பு கடினமாகும். நின்ற நிலைக்கு எட்டடி, உடலின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது நாலடி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படுத்த நிலை தனிப் பிரச்சினை. 50 லென்ஸைக் குறுக்காகப் பிடித்து 8 அடி அகலம் எடுத்தால், 5 அடி பின்னால் இருக்கும் பின்னணியில் பதினொன்றரை அடிக்கு மேல் அகலம் தேவைப்படும். காகிதத்தின் இரண்டு ஓரங்களும், அப்பால் பச்சைச் சுவரும் தெரியும். ஆளைப் பின்னணிக்கு ஓரடி அருகில் படுக்கவைத்தால் எட்டே முக்கால் அடி. ரோலுக்குள் அடங்கிவிடும், ஆனால் உடலின் நிழல் வளைவில் ஏறும். அதற்குப் பதிலாகக் காடாத்துணியைத் தைத்துக்கொள்வது நல்லது. கோரா நிறத்திலேயே, கனமானதாக, கிடைக்கும் அகலத்திலேயே பெரியதாக வாங்குங்கள். 12 அடித் துண்டுகளாக வெட்டி, தையல் கிடைக்கோடாக வரும்படி இணைக்கச் சொல்லுங்கள். நெடுக்காகத் தைத்தால் தையல் ஒவ்வொன்றும் கம்பம் போல நிற்கும். கிடையாக வந்தால் ஒன்றை உடம்புக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். தைத்த பிறகு ஒரு முறை துவைத்துக் கஞ்சி போடாமல் உலர்த்தி, பிறகே சாயம். துவைக்காத துணி சாயத்தைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். கோராவை அப்படியே சாயமில்லாமல் வைத்துக்கொண்டாலும் மாநிற மேனிக்கு இதமாக இருக்கும், நிழலில் லேசான வெதுவெதுப்பு வரும். படுப்பதற்கு முன் துணிக்கு அடியில் மெல்லிய மெத்தை வேண்டாம். உடம்பு புதைந்து இடுப்பின் கோடு போய்விடும். ப்ளைவுட்டின் மேலேயே துணி, அதன்மேல் ஆள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து உட்காரவிடுங்கள்.

கோரைப்பாய் விரித்து எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். படத்தில் அழகுதான். ஆனால் பாயின் வரி முதுகிலும் தொடையிலும் பதிந்துவிட்டால் கால் மணி நேரத்துக்கு மறையாது. பாய்ப் படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு எலாஸ்டிக், கைக்கடிகாரம், இறுக்கிய கச்சை இவற்றின் தடமும் அப்படியே. படப்பிடிப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே தளர்த்திவிடச் சொல்ல வேண்டும். இன்னொன்று, பாயின் நெருக்கமான வரிகளைத் தூரத்திலிருந்து எடுத்தால் சென்சாரில் அலையலையான போலிக்கோலம் விழலாம். கேமராவைச் சற்றுத் திருப்பினாலோ, நாலடி கிட்டே போனாலோ போய்விடும்.

நாட்டியக்காரர்களின் பாதத்தில் அல்தா இருந்தால் நன்றாகக் காய்ந்தபின் வரச் சொல்லுங்கள். ஈரமான அல்தாவும் வியர்வையும் சேர்ந்தால் காகிதமும் கோராத்துணியும் சிவப்புத் தடங்களோடு முடிந்துபோகும். காகிதத்தில் அழுக்குப் பட்டால் துடைக்க நினைக்காமல் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். ரோலை மேலிருந்து இறக்கிக்கொண்டால் ஆயிற்று. சிலை வார்க்கும் நண்பருக்கு வெண்கல மினுக்கு வேண்டும் என்று எண்ணெய் தடவுவதானால் சொட்டாத அளவுக்கு, உள்ளங்கையில் தேய்த்துத் தடவுங்கள். பாதத்தில் கூடாது. எண்ணெய்ச் சொட்டு காகிதத்தில் கண்ணாடிப் புள்ளியாகும், எமல்ஷனில் கறையாகும்.

கறுப்பு வேண்டிய அந்த இரண்டு மூன்று படங்களுக்கு ஃப்ளெக்ஸுக்குப் பதில் கறுப்பு வெல்வெட். சாதாரணக் கறுப்புத் துணி வெளிச்சம் பட்டதும் சாம்பலாக முகம் காட்டும், வெல்வெட் விழுங்கிவிடும். எல்லாத் துண்டுகளின் இழையும் ஒரே திசையில் இருக்கும்படி தைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துத் துண்டு வேறு வேறு கறுப்பாகத் தெரியும். அறுவடைக் காலத்தில் ஊரெல்லாம் பறக்கும் தூசி முழுவதும் அதில்தான் வந்து உட்காரும். ஆள் மிதக்காமல் இருக்க, இரண்டாவது ஃப்ளாஷைத் தரைமட்டத்தில் பக்கவாட்டில் வைத்து, பாதத்தை மட்டும் உரசிக்கொண்டு போகும்படி மிகக் குறைவாகக் கொடுங்கள்.

பிரதிபலிப்பு வேண்டுமென்றால் மெருகேற்றிய கடப்பாக் கல் பலகைகள் இருக்கின்றன. பலரும் தவறவிடும் விஷயம், பளபளப்பான தரைக்குச் சொந்த நிறம் கிடையாது. பின்னால் என்ன இருக்கிறதோ அதன் நிறத்தைக் காட்டும். கறுப்புக் கடப்பாவுக்குப் பின்னால் வெள்ளைப் பின்னணி இருந்தால் தரை வெள்ளையாகத்தான் வரும். தண்ணீர் ஊற்றி எடுப்பதானால் ஃப்ளாஷ் வயர்கள் தரையில் கிடக்கக் கூடாது, வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்க வேண்டும்.

ஆக்சைடு தரையை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது பிரமாதமாக உதவும். மேனியின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுப் பகுதியில் இருக்கிறது, தரை சிவப்பில். கணினியில் மாற்றும்போது சிவப்பை இறக்கி ஆரஞ்சை ஏற்றினால் தரை கறுத்து மேனி மலரும். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் ஆளும் தரையும் ஒரே சாம்பலில் ஒட்டிக்கொள்ளும். மெருகின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் போடலாம். கேமரா தரையை ஏறத்தாழ 35 பாகைச் சாய்வில் மேலிருந்து பார்க்கும்போது அது முழுப்பலம் காட்டும், தாழ்ந்தால் பலம் குறையும். ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தையும் தின்னும்.

காகித ரோலை மாட்டியபடி விட்டுவைக்காதீர்கள், படுக்கவும் போடாதீர்கள். பாலித்தீன் உறையில், மூலையில் நட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காகிதம் ஈரம் குடித்து அலையாகும்; எடுக்கும் நாளன்று இரண்டு மணி நேரம் முன்பே இறக்கி, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் பெருமளவு நேராகும். ப்ளைவுட்டைச் செங்கல் மேல் சாய்த்து வையுங்கள், கரையானுக்குத் தரையோடு தொடர்பு இருக்கக் கூடாது. ஆக்சைடு தரையில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை அன்றன்றே உரித்துவிடுங்கள். ஆக்சைடு தரையில் பசை தங்கிவிட்டால் தேங்காய் எண்ணெயை ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் போய்விடும்.

ப்ளைவுட் வாங்கக் கிளம்பும் முன் ஒரு மாலை செலவழியுங்கள். ஸ்டேஷனரி கடையில் வெள்ளை, சாம்பல், கறுப்பு சார்ட் பேப்பர் ஒவ்வொன்றிலும் நாலைந்து வாங்கி, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சேர்த்து விரித்து, நண்பரை அதன்மேல் நிறுத்தி, விளக்கையும் கேமராவையும் அசைக்காமல் முழங்காலுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் மட்டும் எடுத்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குச் சாம்பலைவிடக் கறுப்பு பிடித்துவிட்டால் அதே ப்ளைவுட்டுக்குக் கறுப்பு எமல்ஷன் அடிக்க வேண்டியதுதான், மற்ற கணக்கு எதுவும் மாறாது.